பெட்டிப் பட்டையில் இரண்டு எழுத்துகள்

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊர் திரும்பியவர் திண்ணையில் இறக்கி வைத்த பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் கைப்பிடியில் நீண்ட வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்று சுற்றிக் கிடக்கும். சிலர் அதைக் கிழித்தெறிய மனமில்லாமல் மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைப்பார்கள். அடுத்த முறை அதைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். ஊரைக் குறிக்கும் மூன்று பெரிய எழுத்துகளுக்கு அருகே இரண்டு எழுத்துகளும், அவற்றைத் தொடர்ந்து ஓர் எண்ணும் இருக்கும். அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றியதே இக்கட்டுரை.

ஏர் இந்தியாவுக்கு ஏ-ஐ. இலங்கையின் ஸ்ரீலங்கன் ஏர்லைன்சுக்கு யூ-எல். இண்டிகோவுக்கு 6-ஈ. (ஆங்கில எழுத்துகளை அவற்றின் ஒலியால் தமிழில் எழுதி இடையே சிறு கோடிடுகிறேன்.) ‘ஏ-ஐ’ என்றதும் இன்றைய மாணவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுதான் நினைவுக்கு வருகிறது. அந்த இரண்டெழுத்தை விமான நிறுவனம் அதற்கு வெகு காலம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது!

இக்குறியீடுகளை அந்தந்த நிறுவனமே தன் விருப்பம்போல் வைத்துக்கொள்வதில்லை. கேட்டுப் பெற வேண்டும். வழங்குவது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம். சுருக்கமாக ‘அயாட்டா’ என்பார்கள். இது அரசாங்க அமைப்பன்று. விமானக் கம்பெனிகள் தமக்குள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரலில், கியூபாவின் ஹவானா நகரில் 31 நாடுகளைச் சேர்ந்த 57 நிறுவனங்கள் சேர்ந்து இதைத் தொடங்கின. தலைமையகம் கனடாவின் மான்ட்ரியலில் உள்ளது. அதே நகரில் இன்னோர் அமைப்பும் இருக்கிறது: பன்னாட்டுப் பயணிகள் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ‘ஐக்காவோ’. இது அரசுகளின் அமைப்பு. ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்தது. பெயரும் ஊரும் நெருங்கியிருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர் பலர். அயாட்டா டிக்கெட்டையும் பெட்டியையும் கவனிக்கிறது என்றும், ஐக்காவோ வானத்தைக் கவனிக்கிறது என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஏன் இரண்டே எழுத்து? முழுப் பெயரையே எழுதிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம்.

இதற்கு விடை காண டெலிபிரிண்டர் காலத்துக்குப் போக வேண்டும். கணிப்பொறிகள் வருமுன்னர் ஒரு விமான நிலையம் மற்றொன்றோடு பேசியது தந்திக் கம்பி வழியே. அக்காலத்து டெலிபிரிண்டரின் வழக்கமான வேகம் ஐம்பது பாட். அதாவது ஒரு நொடிக்கு ஐம்பது மின் துடிப்பு. ஓர் எழுத்தை அனுப்பத் தொடக்கக் குறி, ஐந்து துடிப்புகள், முடிவுக் குறி என ஏழரைத் துடிப்பின் நேரம் பிடிக்கும். கணக்கிட்டால் எழுத்து ஒன்றுக்கு 0.15 நொடி. ‘ஏர் இந்தியா’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியோடு எழுதினால் ஒன்பது எழுத்து, அனுப்ப 1.35 நொடி. ஏ-ஐ என்றால் 0.3 நொடி. ஒரு நொடி மிச்சம் என்பது கேலியாகத் தோன்றலாம். ஆனால் ஒரே கம்பியில் நாள் முழுதும் செய்திகள் வரிசையில் காத்திருக்கும்போது அந்த நொடிகள் மணிகளாகிவிடும்.

நேரத்தைவிட முக்கியமான இன்னொரு பயனும் உண்டு. எல்லாக் குறியீடும் ஒரே நீளமாக இருந்தால் எது எங்கே முடிகிறது என்ற ஐயமே எழாது. விமானக் கம்பெனிகள் 1949-இல் சீட்டா என்ற கூட்டுறவுத் தந்தி அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. அதில் முகவரி என்பது ஏழே எழுத்துதான். முதல் மூன்று விமான நிலையம், அடுத்த இரண்டு அலுவலகப் பிரிவு, கடைசி இரண்டு விமானக் கம்பெனி. எம்-ஏ-ஏ-எல்-எல்-ஏ-ஐ என்று அடித்தால், சென்னையில், காணாமற்போன பெட்டிகளைக் கவனிக்கும் பிரிவில், ஏர் இந்தியா என்று பொருள். கதவு எண்ணும் தெருவும் வேண்டாத முகவரி!

இனி ஒரு சின்னக் கணக்கு. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். முதலிடத்தை 26 வகையிலும், இரண்டாமிடத்தை 26 வகையிலும் நிரப்பலாம். ஆகவே 26 × 26 = 676 குறியீடுகள். 1940களில் இது ஏராளம். அப்போது ஐக்காவோவும் அயாட்டாவும் ஒரே இரண்டெழுத்து முறையைத்தான் கையாண்டன. ஆனால் 1978-இல் அமெரிக்கா விமானத் தொழிலின் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் புதிய கம்பெனிகள் மழைக்காலத்து ஈசல் போலப் புறப்பட்டன. மற்ற நாடுகளிலும் எண்ணிக்கை பெருகியது. 676 போதவில்லை.

இங்கேதான் இரண்டு அமைப்புகளும் வழி பிரிந்தன. ஐக்காவோ 1982-இல் மூன்றெழுத்து முறைக்கு மாறியது. ஐந்தாண்டு இடைக்காலத்துக்குப் பின் 1987 நவம்பரில் அதுவே அதன் முறையாக நிலைத்தது. 26 × 26 × 26 = 17,576. இனி ஒரு நூற்றாண்டுக்குக் கவலையில்லை. அயாட்டாவோ இரண்டு இடங்களை விட்டு அசையவில்லை. எழுத்தோடு இலக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. எழுத்து முன்னும் இலக்கம் பின்னுமாக 260, இலக்கம் முன்னும் எழுத்து பின்னுமாக 260. ஆக 520 கூடுதல். மொத்தம் 1,196. இரண்டும் இலக்கமாக உள்ள சேர்க்கையை மட்டும் வழங்குவதில்லை. அடுத்து வரும் பயண எண்ணோடு அது கலந்துவிட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம் அல்லவா?

மூன்றெழுத்துக்கு மாறுவது நல்லதென்றால் அயாட்டா ஏன் மாறவில்லை? அதற்குள் உலகமெங்கும் முன்பதிவுக் கணிப்பொறிகள் வந்துவிட்டன. அமெரிக்கன் ஏர்லைன்சும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து அமைத்த ‘சேபர்’ 1960களிலேயே இயங்கத் தொடங்கியது. அக்காலக் கணிப்பொறிகளில் நினைவகம் பொன்னைப் போல விலை உயர்ந்தது. கம்பெனிக்கென்று இரண்டு இடம் ஒதுக்கினால் இரண்டே இடம்தான். பின்னாளில் அதை மூன்றாக்க வேண்டுமானால் டிக்கெட், கால அட்டவணை, பெட்டிப் பட்டை, கணக்குப் புத்தகம் அனைத்தையும் உலகமெங்கும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும். விதிப் புத்தகத்தில் மூன்றாவது இடத்துக்கு அனுமதி இருந்தும் அது பயன்பாட்டுக்கு வராமலே கிடக்கிறது.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் பாய்வதாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டார்கள். எலெக்ட்ரான் 1897-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது எதிர்த் திசையில் ஓடுவது தெரிந்தது. இருந்தும் நாம் இன்றுவரை பழைய அம்புக்குறியைத்தான் வரைகிறோம். ஆண்டுதோறும் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். ஆண்டுதோறும் நானும் அசடு வழிவேன்.

இடம் போதாமைக்கு அயாட்டா வேறு இரண்டு உபாயங்களும் செய்கிறது. ஒன்று, வெகு தொலைவில் இயங்கும், வழித்தடம் ஒருபோதும் குறுக்கிடாத இரண்டு சிறு கம்பெனிகளுக்கு ஒரே குறியீட்டைக் கொடுப்பது. மற்றொன்று மறுபயன். ஒரு கம்பெனி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால் ஆறு மாதம் கழித்து அதன் எழுத்துகளைப் பிறருக்குத் தரலாம். இப்படிக் கை மாறிய எழுத்துகளின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லும் ஸ்கூட் விமானத்தின் குறியீடு டி-ஆர். ஸ்கூட் என்ற பெயரில் இந்த எழுத்துகள் இரண்டும் ஏது? அவை ‘டைகர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலும் கடைசியும். சிங்கப்பூரின் டைகர் ஏர்வேஸ் 2004-இல் பறக்கத் தொடங்கியது. 2017-இல் ஸ்கூட்டோடு இணைந்தது. புலியின் பெயர் போயிற்று, அதன் எழுத்து மட்டும் மிஞ்சியது. அதற்கும் முன்பு, 2001 வரை, இதே எழுத்துகள் பிரேசில் நாட்டின் டிரான்ஸ்பிரேசிலிடம் இருந்தன. ஐ-டி என்ற குறியீடு பிரான்சின் ஏர் இன்டர், நம் நாட்டின் கிங்ஃபிஷர் ஆகியவற்றிடம் இருந்துவிட்டு இப்போது தைவானில் இருக்கிறது. யூ-கே என்பது ஒரு காலத்தில் பிரிட்டனின் ஏர் யூ.கே.; 2015 முதல் விஸ்தாரா. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் பயண எண்களுக்கு ஏ-ஐ என்று முன்னொட்டு வைத்து, இரண்டு என்ற இலக்கத்தில் தொடங்கும் நான்கிலக்க எண்களாக்கினார்கள்.

ஐ-சி என்ற குறியீட்டை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1953-இல் எட்டு விமானக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி உருவான இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனின் குறியீடு அது. 1999 டிசம்பர் 24-இல் காட்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்டுக் கடத்தப்பட்ட விமானம் இன்றும் ‘ஐ-சி 814’ என்றே அழைக்கப்படுகிறது. கம்பெனியின் பெயரைச் சொல்வாரில்லை. ஏர் இந்தியாவோடு இணைப்பு நடந்த பின், 2011 பிப்ரவரியில் ஐ-சி ஓய்வு பெற்றது. இப்போது அதே எழுத்துகள் கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 2024-இல் பறக்கத் தொடங்கிய ஃபிளை-91 நிறுவனத்தின் சிறு விமானங்களில் மீண்டும் ஊர் ஊராகப் போகின்றன.

கை மாறாமல் ஒரே இடத்தில் தங்கிப் பொருள் இழந்த எழுத்துகளும் உண்டு. இவற்றைப் பாறையில் பதிந்த தொல்லுயிர்ச் சுவடு எனலாம். ரஷ்யாவின் ஏரோஃபிளாட் நிறுவனத்துக்கு எஸ்-யூ. சோவியத் யூனியன் என்பதன் முதலெழுத்துகள். அந்த நாடு 1991 டிசம்பரில் கலைந்து போயிற்று, எழுத்து கலையவில்லை. நேபாள ஏர்லைன்சுக்கு ஆர்-ஏ. முன்னாளில் அது ‘ராயல் நேபாள்’. 2008-இல் மன்னராட்சி ஒழிந்தது; பெயரில் இருந்த ‘ராயல்’ என்ற சொல்லும் நீங்கிவிட்டது. குறியீட்டில் இருக்கும் ‘ஆர்’ மட்டும் இன்னும் முடி சூடிக்கொண்டிருக்கிறது.

ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் பெரிய நிறுவனம். அதன் குறியீடு என்-எச். ‘எச்’ எங்கிருந்து வந்தது? 1952-இல் அது தொடங்கப்பட்டபோது நிப்பான் ஹெலிகாப்டர் என்பதே அதன் பெயர்! பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தின் ஏ-ஒய் 1923-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்று அதன் பெயர் ‘ஏரோ ஓ-ஒய்’. ‘ஓ-ஒய்’ என்பது நாம் ‘லிமிடெட்’ என்று போடுவதற்கு ஃபின்னிய மொழியில் உள்ள சுருக்கம். எகிப்து ஏர் நிறுவனத்தின் எம்-எஸ், ‘மிஸ்ர்’ என்பதிலிருந்து வந்தது. அரபு மொழியில் எகிப்தின் பெயரே மிஸ்ர்தான். சுவிட்சர்லாந்தில் நடந்தது சற்றே வேறு. 2001-இல் புகழ்பெற்ற சுவிஸ்ஏர் நொடித்தது. அதன் இடத்தைப் பிடித்த ‘சுவிஸ்’ என்ற புது நிறுவனம் கிராஸ்ஏர் என்ற சிறு கம்பெனியின் மேல் எழுப்பப்பட்டதால், அந்தச் சிறு கம்பெனியின் எல்-எக்ஸ் குறியீட்டையே இன்றும் சுமக்கிறது.

எல்லாக் குறியீட்டுக்கும் பொருள் தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள். வேண்டிய எழுத்து ஏற்கெனவே பிறர் கையில் இருந்தால் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஐ-ஏ ஈராக்கிடமும், எஸ்-ஏ தென்னாப்பிரிக்காவிடமும் இருக்கின்றன. 6-ஈ என்பதில் ஆறுக்கு ஒரு தத்துவமும் இல்லை. ஆனால் அதை ஆங்கிலத்தில் சேர்த்துச் சொன்னால் வரும் ஒலியை வைத்து அந்த நிறுவனம் தன் விளம்பரங்களில் வேண்டிய மட்டும் விளையாடிவிட்டது. விமானமே இல்லாதவர்களும் குறியீடு வாங்கியிருக்கிறார்கள் என்பது வியப்பாக இருக்கும். ஜெர்மானிய ரயில்வேக்கு 2-ஏ உண்டு. ரயிலும் விமானமும் சேர்ந்த ஒரே டிக்கெட் விற்பதற்கு அது தேவை.

தமிழில் எழுதும்போது எனக்கொரு சங்கடம். ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ‘பி’; நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ‘டி’. இதே சங்கடம் வானொலியில் பேசும் விமானிக்கும் உண்டு. இரைச்சலில் பி, டி, ஈ, வி எல்லாம் ஒன்றுபோலவே காதில் விழும். அதனால்தான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். 1956 முதல் இப்போதைய பட்டியல் நடைமுறையில் உள்ளது. கம்பெனிகளுக்கும் அப்படியே ஓர் அழைப்புப் பெயர் உண்டு. வானத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீட்பேர்ட்’. அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் ‘ஷாம்ராக்’; அந்நாட்டின் சின்னமான மூவிலைச் செடி.

இவ்வளவும் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் முடித்த மாணவன் ஒருவனுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவன் குடும்பத்தில் விமானம் ஏறும் முதல் ஆள் அவன்தான். வழியனுப்ப நானும் போயிருந்தேன். டிக்கெட்டில் இருந்த இரண்டெழுத்தைப் பார்த்து, அந்தக் கம்பெனியின் வரிசை இருக்கும் இடத்தைக் கேட்டறிந்து அவனை உள்ளே அனுப்பினேன். நாற்பது நிமிடம் வரிசையில் நின்று முன்னே வந்தபோது, “இது எங்கள் விமானமில்லையே, அந்தக் கோடிக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டார்களாம். டிக்கெட்டை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘இயக்குபவர்’ என்று வேறொரு கம்பெனியின் பெயர் இருந்திருக்கிறது.

இதற்குக் குறியீட்டுப் பகிர்வு என்று பெயர். ஒரு கம்பெனியின் விமானத்தில் மற்றொரு கம்பெனி தன் எண்ணைப் போட்டு இருக்கை விற்பது. ஏர் இந்தியாவுக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கும் இடையே இத்தகைய உடன்பாடு உண்டு. எனவே ஏ-ஐ என்று தொடங்கும் டிக்கெட்டோடு போய் எஸ்-க்யூ விமானத்தில் ஏறுவது முற்றிலும் சாத்தியம். விமான நிலையத்துப் பலகையில் ஒரே நேரத்தில், ஒரே வாயிலில், ஒரே ஊருக்கு நான்கு எண்கள் மாறி மாறி ஓடினால் நான்கு விமானங்கள் என்று மலைக்க வேண்டாம், விமானம் ஒன்றே. பெட்டியை எங்கே கொடுப்பது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் விற்றவரல்லர், இயக்குபவர். டிக்கெட்டில் முதலில் தேட வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

பையன் ஓடிப் போய் எப்படியோ ஏறிவிட்டான். இடையில் மாற வேண்டிய ஊரில் அவன் மாறினான், பெட்டி மாறவில்லை. மறுநாள் தொலைபேசியில் குரலே எழும்பவில்லை.

“சார், பெட்டி வரலை சார். மார்க் ஷீட் எல்லாம் அதுலதான் இருக்கு.”

“டேக் துண்டு கையில இருக்கா?”

“டிக்கெட்டுக்குப் பின்னால ஒட்டிக் கொடுத்தாங்க. இருக்கு சார்.”

அந்தத் துண்டில் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இலக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்த மூன்றும் பட்டையை ஒட்டிய கம்பெனியின் எண். இரண்டெழுத்தைப் போலவே ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்றிலக்கக் கணக்கெண் ஒன்றும் உண்டு: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, லுஃப்தான்சாவுக்கு 220, ஸ்ரீலங்கனுக்கு 603, சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 618. எஞ்சிய ஆறு இலக்கம் பெட்டியின் வரிசை எண். உலகில் எந்த விமான நிலையத்துக் கருவியும் இந்தக் கோட்டுக் குறியைப் படித்தால் பெட்டி யாருடையது என்று சொல்லிவிடும்.

விமானத்தில் அனுப்பும் சரக்குச் சீட்டிலும் இதே மூன்றிலக்கம் முன்னே நிற்கும். அதன் பின் எட்டு இலக்கம். கடைசி இலக்கம் ஒரு காவலாள்: முன்னுள்ள ஏழிலக்க எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதி. 1234567-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. ஆகவே சீட்டில் 12345675 என்றிருக்கும். அவசரத்தில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் மீதி ஒத்துவராது; தவறு உடனே பிடிபடும். ஒன்றுக்கு எட்டு, இரண்டுக்கு ஒன்பது என்று ஏழு வித்தியாசத்தில் தவறினால் மட்டும் தப்பிவிடும். ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பையனை விமான நிலையத்துக்கே திரும்பிப் போய்ப் புகார் பதியச் சொன்னேன். பெட்டி ஓரிடத்தில் தங்கிவிட்டால், பயணத்தின் கடைசிக் கட்டத்தில் நம்மை ஏற்றி வந்து இறக்கிய கம்பெனியிடம்தான் வழக்கமாகப் புகார் கொடுக்க வேண்டும். டிக்கெட் விற்றவரிடம் அல்ல. அவனுக்குப் பத்து இடமுள்ள ஒரு புகார் எண் கொடுத்தார்கள். முதல் மூன்று எழுத்து அந்த விமான நிலையம், அடுத்த இரண்டெழுத்து அந்தக் கம்பெனி, பிறகு ஐந்து இலக்கம். டெலிபிரிண்டர் காலத்து முகவரியின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. நான்காம் நாள் விடுதி வாசலில் பெட்டி வந்து சேர்ந்தது. மதிப்பெண் பட்டியல்கள் பத்திரமாக இருந்தன. அவன் அம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி மட்டும் திறந்துகொண்டுவிட்டதாம்.